சுண்ணாம்பு படாத இடங்கள்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் ராஜத்தைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். கோலாலம்பூரில் ரயில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற ஊர். அங்கே ஒரு பழைய கிட்டங்கி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஈயத்தை அதில் அடுக்கி வைத்திருந்து படகில் ஏற்றுவார்களாம். கனத்த சுவர், வளைவு வளைவாக வாசல். ராஜம் வெயிலுக்கு ஒதுங்கி அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சாய்ந்தாளோ இல்லையோ, ஜாகாக்காரர் ஒருவர் தடியைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஜாங்கான் பெகாங்!”

காவல்காரரை இங்கே ஜாகாக்காரர் என்பார்கள். தொடாதே என்று மலாயில் கத்துகிறார். ராஜம் தீயைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து முறைத்தாள், ஏதோ நான் கத்தியது போல.

“சுவருதானே லா. தொட்டா என்னப்பா?”

“பழைய கட்டடம்மா. சர்க்கார் காப்பாத்துது.”

“யாருகிட்டேருந்து?”

“உன்கிட்டேருந்துதான்.”

சர்க்கார் ஒரு பலகையும் அடித்திருந்தது. இங்கிலீஷ், மலாய், சீனம், தமிழ் என்று நாலு பாஷையிலும் ஒரே மிரட்டல். ராஜம் இங்கிலீஷை மடமடவென்று ஒப்பித்துவிட்டாள். தமிழில் இருப்பதைப் படி என்றேன். ‘பாதுகாக்கப்பட்ட’ என்ற ஒரு வார்த்தையைத் தாண்டுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். அவளுக்குக் கோபம் இங்கிலீஷில் வரும், பசி மலாயில் வரும், தமிழில் வருவது அழுகை ஒன்றுதான். அதுவாவது மிஞ்சியிருக்கிறதே என்று இருக்கிறேன்.

“அப்பா, நம்ம கோயிலுக்கு ஏன் இந்த மாதிரி போர்டு இல்ல?” என்று ரயிலில் கேட்டாள். கேட்டுவிட்டுத் தூங்கியும் போனாள். பதில் சொல்ல வேண்டிய நான்தான் வழியெல்லாம் முழித்துக்கொண்டு வந்தேன். போர்டு வேண்டாம் என்று சொன்னவளே அவள் அம்மாதான். அந்தக் கதையை எழுதுகிறேன்.

2

எங்களுக்கு ஊர் வேலூர். கோட்டைக்குள் இருக்கும் கோயிலைப் பார்க்காத வேலூர்க்காரன் உண்டா? அதன் மண்டபத்துத் தூண்களைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வருகிறார்கள். யாளி வாய்க்குள் உருளும் கல்லைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். சர்க்கார் ஆளைப் போட்டுக் காவல் காக்கிறது. புல் முளைத்தால் பிடுங்குகிறார்கள், கல் விழுந்தால் எடுத்து நிறுத்துகிறார்கள். எல்லாம் சரி. உள்ளே சாமி இல்லை.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் என் மனைவி செல்லம்மாளை அங்கே கூட்டிப் போனேன். அவள் பிறந்த வீடு கோட்டை அகழிக்கு எதிர்த்த தெரு. ஆனாலும் அன்றைக்கு முந்தானையில் சூடம் முடிந்துகொண்டு வந்திருந்தாள். புதுப் பெண், எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று ஒரு நப்பாசை. காவல்காரன் பார்த்துவிட்டான். நெருப்பெல்லாம் ஏற்றக் கூடாது, தூணில் கரி படியும் என்றான். அவன் வேலை அது. செல்லம்மாள் சண்டை போடவில்லை. வெறும் கருவறையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். சூடத்தை முந்தானையிலேயே வைத்து வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தாள்.

“அழகாத்தான் வெச்சிருக்கான். ஆனா எழவு விழுந்த வூடு மாதிரி இருக்குது” என்றாள் வழியில். எனக்கு அப்போது சுருக்கென்றது. உலகமே மெச்சுகிற தூணைப் பற்றி இப்படியா சொல்வாள் ஒருத்தி!

பெரிய யுத்தம் முடிந்த மறு வருஷம், 1919-இல், நாங்கள் மலாயாவுக்குக் கப்பலேறினோம்.

3

இங்கே ஒரு சர்க்கார் ஆபீஸில் படம் வரைகிறேன். எந்த ஆபீஸ் என்று எழுதினால் வேலை போய்விடும், விடுங்கள். துரைமார் பென்சிலில் போட்டுத் தரும் கோட்டை மெழுகுத் துணியில் மையால் இழுப்பது என் பிழைப்பு. ஆபீஸில் பேனா பிடிக்கிறவனை இங்கே கிராணி என்பார்கள். குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில். ஒரு காலத்தில் ஊர் முழுக்கச் செங்கல் சூளை. பட்டணத்தில் மணிக்கூண்டும் குமிழுமாக நிற்கிறதே பெரிய பெரிய சர்க்கார் மாளிகைகள், அதற்கெல்லாம் இங்கே சுட்ட கல்லும் போயிருக்கிறது. அப்போது கல் சுட்ட ஆட்கள் அதே சூளையில் எடுத்த கல்லை வைத்துத் தங்களுக்கென்று ஒரு மாரியம்மன் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். பூச்சு கிடையாது. செக்கச் செவேலென்று வெறும் கல். முன்னால் மாளிகையில் இருப்பது போலவே ஒரு வளைவு. கொத்தனுக்குக் கை பழகிவிட்டதே, அம்மனுக்கு மட்டும் வேறு மாதிரியா கட்டுவான்?

கோயிலுக்கு வயது நாற்பது இருக்கும். சிரிக்காதீர்கள். வேலூரில் நாற்பது வருஷத்துச் சுவர் என்றால் அது புதுச் சுவர். இங்கே அது புராதனம். இந்தப் பட்டணம் செங்கல்லைக் கண்டே ஐம்பது வருஷம்தான் ஆகிறது.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு அம்மை போட்டு இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்பில் அதன் கையைத் தோய்த்துப் பின்சுவரில் பதிப்பார்கள். பிழைத்து வந்த பிள்ளை என்று அம்மனுக்குக் கணக்குக் காட்டுவது போல. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கைகள். மழையில் மங்கிவிடும் என்பதால் ஆடி மாதம் தாய்மார்கள் வந்து, அவரவர் பிள்ளையின் கைமேல் மறுபடி ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போவார்கள்.

எங்கள் மூத்தவன் கணேசன் கையும் அதில் இருந்தது. நாலு வயதில் பெரியம்மை வந்து பிழைத்தான். ஆறாவது வயதில் மலைக்காய்ச்சல் வந்தது, பிழைக்கவில்லை. ராஜம் அப்போது தொட்டிலில் கிடந்தாள். பிள்ளை போன பிறகும் செல்லம்மாள் ஒவ்வொரு ஆடிக்கும் கிண்ணத்தோடு போய், ஐந்து விரலுக்கும் பூசிவிட்டு வருவாள். போகாதே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அன்று இரவு எனக்குச் சோறு போட்டாள், பேச்சு போடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மேஜைக்கு ஒரு ரோட்டுப் படம் வந்தது. லோரிகள் பெருத்துவிட்டன, பழைய மாட்டுவண்டிப் பாதையை அகலப்படுத்த வேண்டும். துரை போட்டிருந்த பென்சில் கோடு நேராக வந்து மாரியம்மன் மூலஸ்தானத்துக்குள் புகுந்து மறுபக்கம் போயிற்று. அதை மையில் இழுத்தது என் கை. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“இன்னாங்க, உங்க கையாலேயா?” என்றாள் செல்லம்மாள்.

“நான் இழுக்கலைன்னா பக்கத்து மேஜைக்காரன் இழுப்பான்.”

“அவனே இழுத்திருக்கலாமே” என்றாள்.

4

ஒரு வழி தெரிந்தது. எங்கள் ஆபீஸுக்கு ஒரு துரை வந்து போய்க்கொண்டிருந்தார். மியூசியம் சம்பந்தப்பட்ட மனுஷர். காமிராவும் அளவு நாடாவுமாக அலைந்து, எந்தெந்தப் பழைய கட்டடத்தை இடிக்காமல் காப்பாற்ற வேண்டும் என்று சர்க்காருக்குச் சொல்வது அவர் பொறுப்பு. கிள்ளான் கிட்டங்கிக்குப் படம் போட்டுத் தந்தவன் நான்தான். ஒருநாள் துணிந்து வாயைத் திறந்துவிட்டேன். மாளிகைக்குச் சுட்ட அதே சூளைக் கல்லில், அதே வளைவோடு, கூலி ஆட்கள் தங்களுக்காகக் கட்டிய கோயில் ஒன்று இருக்கிறது என்றேன். பூச்சில்லாத பழைய கல் என்றதும் அவருக்குக் கண் விரிந்தது. சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். அவர் எழுதிவிட்டால் ரோடு வளைந்து போகும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் மண்டோர் காத்தான். பழைய சூளையில் ஆட்களுக்கு மேலாளாக இருந்தவர், அதனால் மண்டோர். அவரிடம் ஓடினேன்.

“மண்டோரே, சனிக்கிழமை பெரிய துரை கோயிலைப் பார்க்க வராரு. அவர் கண்ணுல பட்டு நல்லபடியா எழுதிட்டாருன்னா கோயிலு தப்பிச்சுது.”

“அப்படிங்களா கிராணி ஐயா! நீங்க கவலய விடுங்க. நாங்க பாத்துக்கறோம்.”

அந்தப் ‘பாத்துக்கறோம்’ என்ற வார்த்தையில் நான் உஷாராகியிருக்க வேண்டாமா? மறுநாளே கிள்ளானில் வேலை வந்து போய்விட்டேன். அங்கே நாலைந்து நாள். சனிக்கிழமை காலை ரயிலில் திரும்பி, பெட்டியும் கையுமாக நேரே கோயிலுக்குப் போனேன்.

கோயிலைக் காணோம்!

அதாவது, நான் விட்டுப் போன சிவப்புக் கோயிலைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒன்று கண்ணைக் கூசவைத்துக்கொண்டு நின்றது. சுண்ணாம்பு. மேலிருந்து கீழ்வரை சுண்ணாம்பு. அதன்மேல் காவிப் பட்டை. வளைவின் மேலே பச்சையும் நீலமுமாக ரெண்டு கிளி. வாழைமரம், மாவிலைத் தோரணம். காத்தான் புது வேட்டி கட்டிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“எப்படிங்க இருக்கு?”

“யோவ், என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?” என்று நான் போட்ட சத்தத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவன் ஏணியிலிருந்து விழப் பார்த்தான்.

“தொர வராருன்னீங்களே. அழுக்காவா வெச்சிருக்க முடியும்?”

“அந்த அழுக்கைப் பார்க்கத்தான்யா வராரு!”

காத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிராணிக்கு வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்று அவருக்குத் தீர்மானம். அவரைச் சொல்லி என்ன? நம் ஜனம் எந்த ஊரில் இருந்தாலும் இதுதானே. பெரிய மனுஷன் வருகிறான் என்றால் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிவிடுவோம். பழசாக இருப்பதைக் காட்டிப் பெருமைப்படலாம் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எனக்கே ஆபீஸில் அல்லவா தெரிந்தது.

“யாரு யோசனை இது?”

“உங்க வூட்டம்மாதாங்க முன்ன நின்னு செஞ்சாங்க.”

5

செல்லம்மாள் பின்பக்கம் இருந்தாள். கோபத்தோடு சுற்றிக்கொண்டு போனேன்.

பின்சுவருக்கும் வெள்ளை அடித்திருந்தார்கள். ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாக, தாம்பாளம் அளவுக்குச் சில இடங்களை விட்டிருந்தார்கள். விட்ட இடத்தில் சிவப்புக் கல் தெரிந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்னக் கை. வெள்ளை அதன் ஓரத்தைத் தொடாமல் சுற்றிப் போயிருந்தது.

“மத்த கையெல்லாம் எங்கே?” என்றேன்.

“அடிச்சாச்சு. அதுங்க நல்லாக்கீதுங்க. இன்னொரு தரம் பதிச்சிக்கும்” என்றாள் செல்லம்மாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் கைகளை அவரவர் தாய்மாரே வெள்ளையடித்துவிட்டார்கள். விட்டு வைத்ததெல்லாம் செத்துப்போன பிள்ளைகளுடையது. யாரும் யாரிடமும் சொல்லிச் செய்யவில்லையாம். சுண்ணாம்பு மட்டையைக் கையில் எடுத்தவள் ஒவ்வொருத்தியும் அவளவள் இடம் வந்ததும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். கணேசன் கை சுவரின் இடது ஓரத்தில் இருந்தது. நான் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டேன். அழுகை வந்தது. அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன், உங்களிடம் என்ன வெட்கம்.

துரை வந்தார். வாசலில் நின்று கிளிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போன வாரம் கட்டிய கோயிலா என்று கேட்டார். மரியாதைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள் என்றேன். நல்ல மனுஷர், சிரித்துவிட்டார். பிறகு பின்பக்கம் வந்தார். அந்த இடங்களைப் பார்த்து, ஏன் இப்படி விட்டிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பை நிறுத்தித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் குனிந்து பார்த்தார். கல்லையும் பார்த்தார், கையையும் பார்த்தார்.

கடைசியில், எழுதுகிறேன் என்றார். கோயில் நிற்கும் என்றார். இதை நான் தமிழில் சொன்னதும் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். காத்தான் கண்ணைத் துடைத்தார்.

ஆனால் சில விஷயங்கள் உண்டு என்றார் துரை. சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அதன்பிறகு பூச்சு, சாயம் எதுவும் கூடாது. புகை படியும்படி விளக்கோ சூடமோ கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. இருப்பது இருக்கிறபடியே இருக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கும்பிட்ட கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

செல்லம்மாள் முன்னால் வந்தாள்.

“இன்னாங்க, தொரைகிட்ட ஒண்ணு கேளுங்க. ராஜத்துக்கு அம்மை வாத்து எறங்கினா அவ கைய இங்க வெக்கலாமா?”

கேட்டேன். துரை வருத்தத்தோடு தலையாட்டினார்.

“ஆடி மாசம் இவன் கைக்கு நான் பூசலாமா?”

அதையும் கேட்டேன். அதற்கும் கூடாது.

“அப்ப வேணாம்னு சொல்லுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அடியே, தெரிஞ்சுதான் பேசறியா? கோயில இடிச்சிடுவான். அவன் கையும் அதோட போயிடும்டி!”

“பூசலன்னாலும்தான் போயிடும். ரெண்டு மழைக்காலம் தாங்குமா? அப்புறம் செவுரு நிக்கும், கை இருக்காது. வெறும் செவுத்த காவல்காரன் வெச்சுக் காப்பாத்துவாங்க. நம்ம ஊர்ல வெளிய நின்னு பாத்தது பத்தாதா?”

அவள் அழவில்லை. என் மனைவியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று தோன்றியது. வேலூரில் முந்தானையில் முடிந்த சூடத்தை இத்தனை வருஷமாக அவிழ்க்காமல் வைத்திருந்தவள் மாதிரி நின்றாள்.

காத்தான் கேட்டார்: “அப்ப என்னம்மா பண்றது?”

“நீங்கதானே கட்டினீங்க. பிரிச்சிக் கொண்டுபோயி இன்னொரு எடத்துல கட்ட மாட்டீங்களா?”

“கட்டலாம்மா” என்றார் காத்தான். கொஞ்சம் யோசித்தார். “சுண்ணாம்பு வெச்ச கட்டுதானே. கல்லு ஒடையாம பிரியும்.”

இதைத் துரையிடம் எப்படிச் சொல்வது? காப்பாற்றுகிறேன் என்று வந்தவரிடம், வேண்டாம், நாங்களே இடித்துக்கொள்கிறோம் என்று எந்த இங்கிலீஷில் சொல்வது? தட்டுத்தடுமாறிச் சொன்னேன். செல்லம்மாள் சொன்ன காரணத்தையும் சொன்னேன். அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. கைகளைப் படம் பிடித்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார். செல்லம்மாள் சரியென்று தலையாட்டிவிட்டு, கணேசன் கைமேல் தெறித்திருந்த ஒரு சுண்ணாம்புப் புள்ளியை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

6

துரை யாரிடம் பேசினாரோ, ஆற்றுப்பக்கம் பள்ளத்தில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கோயிலைப் பிரித்தார்கள். அந்தக் கைகள் இருந்த இடங்களை மட்டும் கல் கலையாமல் பாளம் பாளமாக அறுத்து, வைக்கோல் பரப்பிய கைவண்டியில் காத்தானே தள்ளிக்கொண்டு போனார். வேறு யாரையும் தொடவிடவில்லை. புதுக் கோயிலின் பின்சுவரில் அவற்றைப் பதித்துக் கட்டினார்கள். மிச்சமெல்லாம் வெள்ளை. கிளிகளும் உண்டு, இந்தத் தடவை நாலு. பழைய இடத்தில் இப்போது லோரிகள் போகின்றன. நான் இழுத்த கோடு நேராகத்தான் இருக்கிறது.

இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கியபோது இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ராஜத்துக்குச் சின்னம்மை போட்டுவிட்டது. கான்வென்டில் யாரிடமிருந்தோ வாங்கி வந்தாள். வேப்பிலைக்கு எங்கே போவது, பக்கத்துத் தெரு வீட்டில் கேட்டு ஒடித்து வந்து வாசலில் சொருகினோம். நேற்று தலைக்கு ஊற்றினோம். ஊற்றிய கையோடு கோயிலுக்குக் கூட்டிப் போனோம்.

வழியெல்லாம் முணுமுணுப்பு. பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்களாம், சாயம் நகத்தில் நிற்குமாம். எல்லாம் இங்கிலீஷில். செல்லம்மாள் காதில் வாங்காமல் கிண்ணத்தில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்தாள். ராஜத்தின் மணிக்கட்டைப் பிடித்துத் தோய்த்து, இடது ஓரத்துப் பாளத்தின் பக்கத்தில் வெள்ளைச் சுவரில் அழுத்தினாள். ராஜம் கையை எடுத்தாள். தன் கையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள். முணுமுணுப்பு நின்றுவிட்டது.

“இது அண்ணன் கையா?”

“ஆமாம்மா” என்றேன்.

அவள் ஈரக் கையை அந்தக் கையின்மேல் படாமல் வைத்து அளந்து பார்த்தாள். அவள் விரல்கள் நாலாபக்கமும் வெளியே நீண்டன.

“அண்ணன் அண்ணன்னு சொல்லுவீங்க. என்னைவிட எவ்ளோ சின்னவனா இருக்கான்” என்றாள், தமிழில்.

செல்லம்மாள் கிண்ணத்தை அவளிடம் நீட்டினாள். ராஜம் விரலைத் தோய்த்து, மங்கிப்போயிருந்த அவன் சுண்டுவிரலில் பூசிவிட்டாள்.